அரசைப் பிரதிவாதியாக்கும் உரிமை

ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இழைக்கும் தீங்குக்குப் பரிகாரம் தேட நாகரிக சமூகம் பல வழிகளை வகுத்து வைத்திருக்கிறது; போலீஸ் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் உச்ச நீதிமன்றம் வரை ஏறிச் செல்லப் படிகள் இருக்கின்றன. ஆனால் தீங்கு இழைத்தவர்கள் அரசாங்கத்தின் ஆயுதம் தாங்கியவர்களாகவே இருந்து, அதை மறைத்தது அரசாங்கமாகவே இருந்து, மன்னிப்புச் சட்டம் இயற்றிக் குற்றவாளிகளைக் காத்தது நாட்டின் சட்டசபையாகவே இருந்து, அந்தச் சட்டத்துக்குத் தலைவணங்கியது நீதிமன்றமாகவே இருந்துவிட்டால், பாதிக்கப்பட்ட பிரஜை யாரிடம் போய் முறையிடுவது? இந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனித குலம் கண்ட விடைதான் சர்வதேச மனித உரிமை நீதிமன்றம். அந்த விடை பூரணமானது அன்று. ஆயினும் அதைவிட மேலான ஒன்றை இதுவரை யாரும் கண்டு சொல்லவில்லை என்பதும், உலக ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் ஆசியா தனக்கென்று அப்படியொரு நீதிமன்றத்தை இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை என்பதும் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயங்கள்.

அரசனிடமே அரசனைக் குற்றம் சாட்ட நேர்ந்த பெண்ணை நம் இலக்கியம் அறியும். பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்தபோது நீதிபதியும் பிரதிவாதியும் ஒருவனாகவே இருந்தான். அந்த வழக்கில் அவளுக்கு வெற்றி கிடைத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, ஒற்றைச் சிலம்பு அவள் கையில் இருந்தது. அதை உடைத்ததும் தெறித்த மாணிக்கமே சாட்சியாயிற்று. இரண்டாவது, தவறு தன்னுடையது என்று தெரிந்த கணத்தில் உயிர் தரிக்க முடியாத அளவுக்கு அந்த அரசனிடம் நாணம் இருந்தது. இவ்விரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் மதுரையின் வாயிலில் அவள் நியாயம் பெறாமலேயே திரும்பியிருப்பாள். கையில் சிலம்பு இல்லாத கண்ணகிகளுக்கும், நாணம் இல்லாத அரசர்களின் ஆட்சியில் சிக்கியவர்களுக்கும் நியாயம் எப்படிக் கிடைக்கும் என்பதே நம் காலத்துப் பிரச்சினை. ஓர் ஆட்சியாளரின் மனச்சாட்சியை நம்பி நீதியை விட்டுவைக்க முடியாது என்ற உணர்விலிருந்துதான் நான் சொல்லவந்த நீதிமன்றங்கள் பிறந்தன.

இவற்றை ஹேக் நகரத்தில் உள்ள இரண்டு நீதிமன்றங்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. அங்குள்ள சர்வதேச நீதிமன்றம் அரசுகளுக்கு இடையே எழும் வழக்குகளைத் தீர்ப்பது. தனி மனிதன் அதன் படியேற முடியாது. 1998-ல் ரோமில் நிறைவேறிய சாசனத்தின் மூலம் உருவாகி 2002 முதல் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், இனப்படுகொலை, போர்க் குற்றம் போன்ற பாதகங்களைச் செய்த தனி நபர்களைத் தண்டிப்பது. மனித உரிமை நீதிமன்றமோ இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அங்கே வாதி ஒரு சாதாரணப் பிரஜை. பிரதிவாதி ஓர் அரசு. சிறைத் தண்டனை விதிப்பது அதன் வேலை அன்று. அரசு தான் கையெழுத்திட்ட உடன்படிக்கையை மீறியதா இல்லையா என்று தீர்மானித்து, மீறியிருந்தால் உண்மையைக் கண்டறியவும், குற்றவாளிகளை விசாரிக்கவும், நஷ்ட ஈடு கொடுக்கவும், வேண்டுமானால் சட்டத்தையே மாற்றவும் அந்த அரசுக்குக் கட்டளையிடுவதே அதன் அதிகாரம்.

இரண்டாம் உலகப் போரின் சாம்பலிலிருந்து எழுந்த ஐரோப்பா 1950-ல் ரோமில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, 1959-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் இத்தகைய முதல் நீதிமன்றத்தை ஸ்தாபித்தது. அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் 1969-ல் கோஸ்டா ரிகாவின் சான் ஹோஸே நகரத்தில் கூடிச் செய்த உடன்படிக்கையின் பயனாக, அதே நகரத்தில் 1979-ல் ஏழு நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அமைந்தது. ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றத்துக்கான ஒப்பந்தம் 1998-ல் நிறைவேறி 2004-ல் அமலுக்கு வந்தது; அது டான்ஸானியாவின் அருஷாவில் இயங்குகிறது. மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: சொந்த நாட்டின் நீதிமன்றங்களில் உள்ள வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகே அங்கே வரலாம், அந்த வழிகள் வெறும் பெயரளவில் இருந்தாலன்றி இந்த விதிக்கு விலக்கு இல்லை. ஆகவே, சர்வதேச நீதிமன்றம் நாட்டின் நீதிமன்றத்தை அவமதிக்கிறது என்ற வாதம் அஸ்திவாரமற்றது; முதல் வாய்ப்பை அது எப்போதும் நாட்டின் நீதிபதிக்கே கொடுக்கிறது.

கையில் சிலம்பு இல்லாதவர்களின் வழக்கு எப்படி நடந்தது என்பதற்கு ஹோண்டுராஸ் நாட்டின் கதையைச் சொல்லலாம். 1981 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்த அரசாங்கம் சான் ஹோஸே நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதாகச் சம்மதம் தெரிவித்தது. மூன்று நாட்கள் கழித்து, 12-ஆம் தேதி மாலையில், தலைநகரான தெகுசிகல்பாவின் மத்தியில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில், மான்ஃபிரெடோ வெலாஸ்கெஸ் ரொட்ரிகெஸ் என்ற பல்கலைக்கழக மாணவரை, சாதாரண உடையில் ஆயுதங்களுடன் வந்தவர்கள் பதிவு எண் இல்லாத வெள்ளைக் கார் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. குடும்பத்தார் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள், குற்றப் புகார் கொடுத்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. அப்படியொருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். உடல் இல்லை, கைது ஆவணம் இல்லை, பெயர் சொல்லும் பதிவேடு இல்லை.

காணாமற்போகச் செய்வது என்ற கொடுமையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. கொலை செய்தால் பிணம் மிஞ்சும். சிறையில் அடைத்தால் பதிவேடு மிஞ்சும். காணாமற்போகச் செய்தால், பாதிக்கப்பட்டவனோடு சாட்சியமும் காணாமற்போய்விடுகிறது. சாட்சியம் முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டிருக்கும் அரசே, 'எங்கே உன் சாட்சியம்?' என்று தாயைக் கேட்கிறது. 1988 ஜூலை 29-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில் நீதிபதிகள் இந்தத் தந்திரத்தைத் தகர்த்தார்கள். 1981 முதல் 1984 வரை அந்த நாட்டில் நூறு முதல் நூற்றைம்பது பேர் வரை ஒரே விதமாக மறைந்திருக்கிறார்கள் என்பதையும், மான்ஃபிரெடோ மறைந்ததும் அதே விதம்தான் என்பதையும் அவர்கள் சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டு நிர்ணயித்தார்கள். அரசின் ஒத்துழைப்பு இல்லாமல் பெற முடியாத ஆதாரத்தைப் பிரஜை கொண்டுவரவில்லை என்ற காரணத்தைக் காட்டி அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்று அறுதியிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மறைந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாத வரையில் அதை விசாரிக்கும் கடமை அரசை விட்டு நீங்காது என்று சொன்னார்கள். அதாவது, காலம் கடந்துபோவதால் அரசின் பொறுப்பு தேய்ந்துபோகாது.

அந்தத் தீர்ப்புக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1988 ஜனவரியில், சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருந்த ஒரு சார்ஜெண்டும், ஏற்கனவே சாட்சி சொல்லியிருந்த மிகேல் ஆங்கெல் பாவோன் என்ற மனித உரிமை ஊழியரும் பத்து நாட்களுக்குள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய சாட்சிகளைக் காக்கும்படி நீதிமன்றம் அரசுக்கு அவசர உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. மறு ஆண்டில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஏழரை லட்சம் லெம்பிரா நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது. அரசு அதைக் காலந்தாழ்த்தியதால் பணத்தின் மதிப்பு வீழ்ந்தபோது, அந்த இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்று 1990-ல் நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. மகன் திரும்பி வரவில்லை. ஆனால் 'அப்படியொருவன் இங்கே பிடிபடவே இல்லை' என்ற அரசாங்கத்தின் பொய், உலகத்தின் முன்னிலையில் பொய்யென்று நிலைநாட்டப்பட்டது. பெற்ற பிள்ளையைத் தேடி அலைந்து, பைத்தியக்காரி என்றும் தேசத்துரோகி என்றும் ஏசப்பட்ட தாய்மாருக்கு இதன் மதிப்பு என்னவென்று தெரியும்.

நாணம் இல்லாத அரசின் கதை பெரு நாட்டைச் சேர்ந்தது. தலைநகர் லிமாவில் பாரியோஸ் ஆல்டோஸ் என்ற ஏழைகள் வாழும் பேட்டையில், 1991 நவம்பர் 3-ஆம் தேதி இரவு, ஒரு பழைய கட்டடத்தின் குடித்தனக்காரர்கள் அதைச் செப்பனிடப் பணம் சேர்ப்பதற்காகக் கோழிக்கறி சமைத்து விற்று ஒரு சிறு விருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணி வாக்கில், போலீஸ் விளக்கும் சங்கும் பொருத்திய இரண்டு வண்டிகளில் முகமூடி அணிந்தவர்கள் வந்திறங்கி, எல்லோரையும் தரையில் படுக்கச் சொல்லி, சத்தம் அடக்கிய துப்பாக்கிகளால் ஏறத்தாழ இரண்டு நிமிஷ நேரம் சுட்டுத் தீர்த்தார்கள். பதினைந்து பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவன் எட்டு வயதுச் சிறுவன். நான்கு பேர் படுகாயத்துடன் பிழைத்தார்கள். 111 தோட்டா உறைகளையும் 33 ரவைகளையும் போலீஸார் அங்கே பொறுக்கி எடுத்தார்கள். சுட்டவர்கள் ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த 'கோலினா' என்ற கும்பல் என்பது பின்னால் வெளிப்பட்டது.

நாட்டின் நீதி அங்கே முற்றிலும் செத்துவிடவில்லை. 1995 ஏப்ரலில் அந்தோனியா சக்கிக்குராய் என்ற பெண் நீதிபதி, ராணுவத்தினரைப் பிரதிவாதிகளாக்கி விசாரணையைத் தொடங்கினார். உடனே, ஜூன் மாதத்தில், நாட்டின் காங்கிரஸ் சபை நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பொது மன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. அதன்படி 1980 முதல் நடந்த குற்றங்களுக்காகச் சிப்பாய் எவரையும் விசாரிக்கக் கூடாது. ஒரு கீழ்க்கோர்ட்டு நீதிபதி இந்த நிலையில் என்ன செய்ய முடியும்? அவர் துணிந்து, அந்தச் சட்டம் நாட்டின் அரசியல் சாசனத்துக்கும் அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கைக்கும் விரோதமானதால் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். இரண்டு வாரம் ஆவதற்குள் காங்கிரஸ் சபை இரண்டாவது சட்டம் கொண்டுவந்து, மன்னிப்புச் சட்டத்தைப் பரிசீலிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை என்று விதித்தது. மேல் கோர்ட்டு அதற்கு இணங்கி வழக்கை மூடிவிட்டது. கொலையாளிகள் வீட்டுக்குப் போனார்கள். பதினைந்து குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன.

நாட்டுக்குள் அடைக்கப்பட்ட அந்த வழக்கு, நாட்டுக்கு வெளியே திறந்திருந்த வழியாகப் போயிற்று. அதே ஜூன் மாதம் 30-ஆம் தேதி, பெருவின் மனித உரிமைச் சங்கங்கள், சான் ஹோஸே நீதிமன்றத்துக்கு வழக்குகளை அனுப்பும், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை ஆணையத்தில் மனுக் கொடுத்தன. இதற்கிடையே அதிபர் ஃபுஜிமோரியின் அரசாங்கம் 1999-ல் சான் ஹோஸே நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்தே விலகிக்கொள்வதாக அறிவித்தது. உடன்படிக்கையில் இருந்துகொண்டே நீதிமன்றத்தை மட்டும் உதறிவிட முடியாது என்று நீதிபதிகள் மறுத்தார்கள். 2000 நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானிலிருந்து ஃபாக்ஸ் மூலம் ராஜிநாமா அனுப்பினார். புதிதாக வந்த இடைக்கால அரசாங்கம் படுகொலைக்கான பொறுப்பை ஒப்புக்கொண்டது. 2001 மார்ச் 14-ஆம் தேதி வந்த தீர்ப்பு, தன் குற்றத்தைத் தானே மன்னித்துக்கொள்ளும் சட்டத்துக்குச் சட்டம் என்ற தகுதியே கிடையாது என்று சொல்லிற்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் லிமாவின் ஒரு சிறு நீதிபதி எதைச் சொன்னதற்காக வாய் அடைக்கப்பட்டாரோ, அதையே ஏறத்தாழ அப்படியே ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது.

அதன் பிறகுதான் உண்மையான விசாரணை தொடங்கிற்று. அது நடந்த இடம் சான் ஹோஸே அன்று, லிமாவேதான். சிலி நாட்டிலிருந்து 2007-ல் பெருவுக்கு ஒப்படைக்கப்பட்ட ஃபுஜிமோரிக்கு, பாரியோஸ் ஆல்டோஸ் படுகொலைக்கும் மற்றொரு படுகொலைக்கும் பொறுப்பாளி என்று கண்டு, 2009 ஏப்ரல் 7-ஆம் தேதி பெருவின் சொந்த நீதிபதிகளே இருபத்தைந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். ஜனங்களின் வாக்கால் அதிபரான ஒருவர், தம் நாட்டு நீதிமன்றத்திலேயே மனித உரிமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அந்த நாள், நாட்டுக்கு வெளியேயிருந்து வந்த ஒரு தீர்ப்பு இல்லாமல் விடிந்திருக்காது.

நான் வலியுறுத்த விரும்பும் உண்மை இதுதான். சர்வதேச நீதிமன்றம் என்பது எங்கோ தூரத்திலிருந்து வந்து நம் துயரத்தைத் துடைத்துவிட்டுப் போகும் தேவதை அன்று. அதனிடம் போலீஸ் இல்லை, சிறை இல்லை, படை இல்லை. அதன் பெரிய உபகாரம் யாதெனில், ஒவ்வொரு நாட்டிலும் நேர்மையாக இருக்க விரும்பி, தனியாகி, பயமுறுத்தப்பட்டு, கடைசியில் தோற்றுப்போகும் ஒரு நீதிபதிக்கும், ஒரு வக்கீலுக்கும், ஒரு தாய்க்கும், 'நீ சொன்னதுதான் சட்டம்' என்று உறுதி கொடுக்கிறது. வாடிய வேருக்குத் தண்ணீர் வெளியூரிலிருந்து வரலாம்; பயிர் அந்த மண்ணில்தான் விளைய வேண்டும்.

இந்த நீதிமன்றங்களின் சேவை ரத்தம் சிந்திய வழக்குகளோடு முடிந்துவிடுவதும் இல்லை. அயர்லாந்தின் கார்க் நகரத்தைச் சேர்ந்த ஏர்ரி என்ற எளிய பெண், தன்னைத் துன்புறுத்திய கணவனிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழ விரும்பினார். அதற்கான உத்தரவை ஹைகோர்ட்டு ஒன்றே தர முடியும். வக்கீல் வைக்க அவரிடம் பணம் இல்லை. கோர்ட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது என்று அரசாங்கம் வாதித்தது. ஏழைக்கு எட்டாத கதவு திறந்திருந்தும் பயனில்லை என்றும், உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, நடைமுறையில் அனுபவிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் 1979 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக அயர்லாந்தில் சிவில் வழக்குகளுக்கும் இலவச சட்ட உதவித் திட்டம் ஏற்பட்டது. அந்தப் பெண்ணுக்காக வாதாடிய மேரி ராபின்சன் பின்னாளில் அந்த நாட்டின் ஜனாதிபதியாகி, பிறகு ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை உயர் ஆணையராகவும் விளங்கினார்.

இனி ஆக்ஷேபங்களுக்கு வருவோம். தாமதம் என்பது முதலாவது. அது மெய். ஹோண்டுராஸ் குடும்பம் ஏழு ஆண்டுகள் காத்திருந்தது. பெருவின் குடும்பங்கள் தீர்ப்புக்கே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. தீர்ப்பை அரசுகள் அலட்சியம் செய்கின்றன என்பது இரண்டாவது. அதுவும் மெய். ஃபுஜிமோரியை விடுதலை செய்யக் கூடாது என்று சான் ஹோஸே நீதிமன்றம் தடுத்தும், 2023 டிசம்பரில் பெரு அவரை விடுவித்தது. உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா ஐரோப்பிய சபையிலிருந்து 2022-ல் நீக்கப்பட்டபோது, அந்த நாட்டுப் பிரஜைகள் ஸ்ட்ராஸ்பர்க்கின் பாதுகாப்பையும் இழந்தார்கள். ஆப்பிரிக்காவில் ருவாண்டா, டான்ஸானியா, பெனின், ஐவரி கோஸ்ட் ஆகிய அரசுகள் தம் பிரஜைகள் நேரடியாக அருஷாவுக்குப் போகும் உரிமையை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டன. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும்: பயனற்ற நீதிமன்றத்திலிருந்து எந்த அரசாங்கமாவது இத்தனை சிரமப்பட்டு விலகுமா? அந்தத் தீர்ப்புகள் அதிகாரத்தை உறுத்துகின்றன என்பதற்கு இந்த விலகல்களைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. தவிரவும், நம் நாட்டுக் கோர்ட்டுத் தீர்ப்புகளும் நிறைவேறாமல் கிடப்பதுண்டு. அதற்காகக் கோர்ட்டுகளே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை.

மூன்றாவது ஆக்ஷேபம் தேசத்தின் இறையாண்மையைப் பற்றியது. நம் நாட்டில் அதிகமாக ஒலிப்பதும் அதுவே. அன்னியர் ஆட்சியை எதிர்த்துப் போராடிச் சுதந்திரம் பெற்ற ஜனங்களிடம் இந்த வாதம் எளிதில் எடுபடுவது இயல்பு. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளின் விஷயத்தில் இதே இறையாண்மை வேறுவிதமாக நடந்துகொண்டிருக்கிறது. இந்தியாவின் கோல் இந்தியா நிறுவனத்தோடு வழக்காடிய வைட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, தனக்குக் கிடைத்த மத்தியஸ்தத் தீர்ப்பை நிறைவேற்ற இந்தியக் கோர்ட்டுகளில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. பிறகு, முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இந்திய அரசின் மீதே சர்வதேச மத்தியஸ்த மன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. நம் கோர்ட்டுகளின் தாமதத்துக்கு இந்திய அரசே பொறுப்பு என்று 2011 நவம்பரில் தீர்ப்பாகி, சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அதற்கு வழங்கப்பட்டது. பின்னர் இந்தியா அத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றை ரத்துச் செய்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் நம் கோர்ட்டுகளில் ஒன்பது ஆண்டு அன்று, இருபது ஆண்டும் முப்பது ஆண்டும் காத்திருக்கும் சொந்தப் பிரஜைக்கு அப்படியொரு மன்றம் ஒருநாளும் இருந்ததில்லை. முதலுக்குக் கொடுத்த உரிமையை மனிதனுக்கு மறுப்பதற்கு இறையாண்மை என்று பெயர் சூட்டுவது தர்மம் அன்று.

ஆசியாவில் இன்று இருப்பவை என்ன? தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2009-ல் ஒரு மனித உரிமை ஆணையத்தை அமைத்தன. பிரஜையின் புகாரை எடுத்து விசாரித்துத் தீர்ப்பளிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அரபு நாடுகள் 2014-ல் ஒரு நீதிமன்றத்துக்கான சாசனத்தை ஏற்றுக்கொண்டன, நீதிமன்றம் பிறக்கவில்லை. மிஞ்சுபவை ஜெனீவாவில் கூடும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு போன்ற அமைப்புகளே. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் துணை ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளின் பிரஜைகள் அந்தக் குழுவுக்கு மனு அனுப்பலாம். ஆனால் அது நீதிமன்றம் அன்று.

அந்த வேற்றுமை எத்தனை பெரியது என்பதை இலங்கையின் சிங்கராசா வழக்கு காட்டுகிறது. 1993-ல் மட்டக்களப்புப் பகுதியில் பிடிக்கப்பட்ட அந்தத் தமிழர், தமிழில் பேசியதைச் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் ஒன்றில் கைரேகை வைக்கப்பட்டு, அதையே முக்கிய ஆதாரமாகக் கொண்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஐம்பது ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டாயிற்று. வாக்குமூலம் பலவந்தத்தால் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் அவர்மீதே சுமத்தப்பட்டது. இது நியாயமான விசாரணை ஆகாது என்று 2004-ல் ஜெனீவாக் குழு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை ஏந்திக்கொண்டு அவர் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, இலங்கை அந்தத் துணை ஒப்பந்தத்தில் சேர்ந்ததே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2006-ல் நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள். 1997-ல் அரசு தன் பிரஜைகளுக்குத் திறந்த கதவு, ஒருவர் உண்மையிலேயே அதன் வழியே நுழைந்தபோது அடைக்கப்பட்டது. மறைந்த மக்களைத் தேடி ஆண்டுக்கணக்கில் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் வடகிழக்குத் தாய்மாருக்கு, ஹோண்டுராஸ் தாய்மாருக்கு இருந்த சான் ஹோஸே இல்லாமற்போனது அவர்கள் பிறந்த கண்டத்தின் குறையேயன்றி அவர்களுடைய வழக்கின் குறை அன்று.

இந்தியாவோ அந்தத் துணை ஒப்பந்தத்திலேயே சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்டும் இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. 1993-ஆம் வருஷத்து மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஏற்பட்ட ஆணையங்கள், சம்பவம் நடந்து ஓராண்டு கழிந்துவிட்டால் விசாரிக்க முடியாது. புகார் ராணுவத்தின் மீதென்றால் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுச் சிபாரிசு செய்யலாமேயொழிய, தாமே புலன்விசாரணை செய்ய முடியாது. ஆயினும் நம் மண்ணும் வறண்டதன்று. போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒரிஸ்ஸாத் தாய் நீலாவதி பெஹெரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒன்றரை லட்ச ரூபாய் நஷ்ட ஈடு வழங்கிற்று. அப்போது அது, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் நஷ்ட ஈடு பற்றி உள்ள ஷரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. அந்த ஷரத்தை ஏற்க மாட்டோம் என்று இந்திய அரசு முன்பே எழுதி வைத்திருந்தது. அரசு மறுத்ததை நீதிபதிகள் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நீதிபதிகளுக்குப் பின்பலமாக ஒரு மேல் மன்றம் இருந்தால் எத்தனை தாய்மார் பயனடைவார்கள்!

ஆசியா பெரியது, பலவகைப்பட்டது, எல்லா நாடுகளும் ஒத்து வருவது எப்போது என்று மலைக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் தொடங்குவதற்கு எட்டு நாடுகளின் சம்மதமே போதுமானதாக இருந்தது. தெற்காசியாவில் எழுதப்பட்ட அரசியல் சாசனமும், அடிப்படை உரிமைகளும், நீதிப்புனராய்வு மரபும் கொண்ட சில நாடுகள் முன்வந்தால் போதும். மற்றவை பிறகு சேரும். ஆனால் அந்த அழைப்பை விடுக்கும் நாடு முதலில் தன் வீட்டைச் செப்பம் செய்துகொள்ள வேண்டும். சித்திரவதை உடன்படிக்கையை இந்தியா உறுதி செய்து அதற்குரிய சட்டம் இயற்ற வேண்டும். துணை ஒப்பந்தத்தில் சேர்ந்து ஜெனீவாவின் வழியைத் தன் பிரஜைகளுக்குத் திறந்துவிட வேண்டும். மனித உரிமை ஆணையங்களைக் கட்டியிருக்கும் ஓராண்டுக் காலவரையறையையும் ராணுவ விலக்கையும் நீக்க வேண்டும். இவற்றுக்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. பார்லிமெண்டின் மனம் இருந்தால் போதும்.

பார்லிமெண்டுக்கு மனம் தானாக வருவதில்லை. ஜனங்கள் கேட்டால்தான் வரும். சாலையும் குடிநீரும் கேட்பது போலவே இதையும் நாம் கேட்கப் பழக வேண்டும். 'போலீஸ் காவலில் என் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்து, இந்த நாட்டின் எல்லாக் கோர்ட்டுகளும் கைவிட்டால், நான் இந்த அரசின் மீது வழக்குத் தொடர ஓர் இடம் வேண்டும். அதற்கு நீங்கள் வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா?' என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும் அவர் தயங்காமல் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். தன் நடத்தையில் நம்பிக்கை உள்ள அரசுக்குத் தன் பிரஜையின் எதிரே பிரதிவாதியாக நிற்பதில் அவமானம் எதுவும் இல்லை. நிற்க மறுப்பதுதான் அவமானம்.